பெறுநர் யார்?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மட்டும் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. திருவள்ளூரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலில் இறங்கக் கூடாது. கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரையுள்ள மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். மே மாதம் போய்ப் பார்த்தால் சின்னமுட்டத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அதே நாளில், அதே மாவட்டத்தில், தேங்காப்பட்டணத்தில் ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருக்கும். ஜூலையில் நிலைமை தலைகீழ். நாட்டுப்படகுகளுக்கும் வள்ளங்களுக்கும் இந்தத் தடை கிடையாது. அவை இரு பக்கமும் போய்வரும்.

“மாவட்டத்தின் எல்லாப் படகு உரிமையாளர்களுக்கும் ஒரு செய்தி அனுப்பு” என்று மேலதிகாரி சொன்னால், எழுதுகிறவர் உடனே கேட்க வேண்டிய கேள்விகளைப் பாருங்கள். எந்தக் கரை? எந்தத் தேதி? விசைப்படகா, வள்ளமா? செய்தியை இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். அது யாருக்குப் போக வேண்டும் என்ற விதியை எழுதத்தான் அரைநாள் ஆகும். இந்த அத்தியாயம் அந்த அரைநாளைப் பற்றியது.

மென்பொருள் நிறுவனங்களில் இந்த வேலை தினமும் நடக்கிறது. ஒரு பிழை, ஒரு புகார், ஒரு கோரிக்கை எதுவானாலும் அதற்கு ஒரு டிக்கெட் போடுகிறார்கள். டிக்கெட்டில் தலைப்பு, போட்டவர், பொறுப்பாளர், அவசர நிலை, எந்தப் பகுதி, இப்போது எந்தக் கட்டம் என்று கட்டங்கள் இருக்கும். யாராவது ஒரு கட்டத்தை மாற்றினால் மென்பொருள் தானாக மின்னஞ்சல் அனுப்பும். 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டெர்ரி வைஸ்மன் எழுதிய பக்ஸில்லா இந்த வகையில் மூத்தவற்றுள் ஒன்று. 2002-இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கொண்டுவந்த ஜிரா இன்று சென்னை, கோவை அலுவலகங்களில் அன்றாடச் சொல். நம் பக்கத்தில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோவும் இத்தகைய மென்பொருள்களைச் செய்கிறது. அவற்றில் விதி எழுதுவதற்கென்றே டெலூஜ் என்ற தன் சொந்த நிரல்மொழியை வைத்திருக்கிறது.

யாருக்கு மின்னஞ்சல் போக வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? இதில் இரண்டு மரபுகள் உண்டு. பக்ஸில்லா அதைப் பெறுகிறவர் கையில் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய கட்ட அட்டவணை. ஒரு பக்கம் உறவு: நான் டிக்கெட் போட்டவன், நான் பொறுப்பாளன், நான் சிசியில் இருக்கிறவன். மறுபக்கம் நிகழ்வு: கருத்து எழுதினால், கட்டம் மாறினால், அவசர நிலை மாறினால். எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறீர்களோ அதற்கு மட்டும் கடிதம் வரும். ஜிராவின் மரபு வேறு. அங்கே நிர்வாகி ஒரு திட்டம் வகுப்பார். இன்ன நிகழ்வுக்கு இன்ன பாத்திரத்தில் இருப்பவருக்குக் கடிதம். பெயர் எழுதாமல் பாத்திரத்தை எழுதுவதுதான் அதன் சூட்சுமம். ஆள் மாறினாலும் விதி மாறாது.

இவை போதாதபோதுதான் நிரல் எழுத வேண்டி வருகிறது. “அவசரம் என்று குறித்திருந்தால், இந்தப் பகுதியைச் சேர்ந்ததானால், இன்று விடுமுறை இல்லையென்றால், இவர்களையும் சேர்” என்பது போன்ற நிபந்தனைகள் டிக் அடிக்கும் கட்டங்களில் அடங்காது.

ஒரு கற்பனை வைத்துக்கொள்வோம். மாவட்டத்தின் மீன்பிடித் துறைமுகங்களான சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் நான்குக்கும் சேர்த்து ஒரு புகார் மென்பொருள். தேங்காப்பட்டணத் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகு கவிழ்வது அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த பழைய துயரம். ஆகவே நம் டிக்கெட்டின் தலைப்பு: முகத்துவாரத்தில் மணல் திட்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியின் பாணியில் விதியை எழுதிப் பார்க்கலாம். அதில் நிபந்தனை முன்னால் வரும், “ஆனால்” பின்னால் வரும். நாம் பேசுகிற வரிசைதான்.

@( நிலை == "அவசரம்" && கடல்_திறந்ததா( கரை, இன்று ) ) ஆனால்
    சேர்( பெறுநர், விசைப்படகு_உரிமையாளர்( கரை ) )
இல்லை
    சேர்( பெறுநர், துறைமுகப்_பொறியாளர் )
முடி

ஐந்து வரிதான். படிக்கும்போது சரியாகத்தான் தெரிகிறது. தடைக்காலம் இல்லாத நாளில் அவசரம் என்றால் படகுக்காரர்களுக்குச் சொல். மற்ற நேரங்களில் பொறியாளருக்குச் சொல். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதல் ஓட்டை: கடல் திறந்த நாளில் அவசரமாக இருக்கும்போது பொறியாளருக்குக் கடிதமே போகாது. “இல்லை” என்ற கிளையில் அவரை வைத்துவிட்டோம். மணலை அள்ள வேண்டியவருக்கு, மணல் உயிரை வாங்கும் நாளில் மட்டும் சேதி இல்லை. நிபந்தனைப் பெறுநர் நிரல்களில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான் என்று நினைக்கிறேன். எப்போதும் பெற வேண்டியவர்களை நிபந்தனைக்கு வெளியே முதலிலேயே சேர்த்துவிட்டு, கூடுதல் ஆட்களை மட்டும் நிபந்தனைக்குள் வைப்பது நல்லது.

இரண்டாவது ஓட்டை நிரலறிவால் பிடிபடாது, கடற்கரை அறிவால்தான் பிடிபடும். தடைக்காலத்தில் கடல் மூடியிருக்கிறது என்று நிரல் நினைக்கிறது. ஜூன், ஜூலையில் இடவப்பாதி மழையும் காற்றும் மேற்குக் கரையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது, அதே முகத்துவாரத்தின் வழியாக வள்ளங்கள் போய்வந்துகொண்டுதான் இருக்கும். அவர்களுக்குத் தடை இல்லை என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். சிறிய கலங்களில் இருப்பவர்களுக்கே மோசமான மாதத்தில் செய்தி போகாது.

இன்னும் சில பள்ளங்கள் உண்டு, வேகமாகத் தாண்டிவிடலாம். பொறுப்பாளர் கட்டம் காலியாக இருந்தால் கடிதம் யாருக்கும் போகாமல் சத்தமில்லாமல் நின்றுவிடும். காலியானால் யார் என்பதை விதியிலேயே சொல்ல வேண்டும். ஒரே ஆள் டிக்கெட் போட்டவராகவும் பொறுப்பாளராகவும் சங்கச் செயலாளராகவும் இருந்தால் மூன்று கடிதம் போகும். ஆகவே பெறுநரைப் பட்டியலாக வைக்காமல், ஒருவர் ஒருமுறைதான் இடம்பெறும் கணமாக வைக்க வேண்டும். பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது நிரல் மாற்றத்துக்குப் பிறகு ஓடினால் பழைய பொறுப்பாளர் யார் என்பதே அதற்குத் தெரியாது. மாற்ற வரலாற்றைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். தனக்கு வேலை இல்லை என்ற செய்தி அவருக்குத்தான் முதலில் தேவை. பெறுநர் விடுப்பில் இருந்து அவருடைய தானியங்கிப் பதில் டிக்கெட்டில் கருத்தாகப் பதிவாகி, அந்தக் கருத்துக்கு மீண்டும் கடிதம் போய், அதற்கும் தானியங்கிப் பதில் வந்து விடிய விடியச் சுழல்வதும் உண்டு. 2004-இல் வெளியான ஆர்.எஃப்.சி 3834 என்ற இணையத் தரநிலை, தானாக அனுப்பப்படும் கடிதங்கள் தம் தலைப்பகுதியிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வகுத்தது இதற்காகத்தான்.

மின்னஞ்சலின் அடித்தளத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி 821, கடிதத்தைக் கொண்டுபோகும் முறையை வகுத்தது. அதன்படி அனுப்பும் கணினி, வாங்கும் கணினியிடம் பெறுநரின் முகவரியை முதலில் தனியாகச் சொல்லும். கடிதத்துக்குள் நாம் பார்க்கும் “பெறுநர்” வரி அதற்குப் பிறகு, கடிதத்தின் உடலோடு சேர்ந்து வரும். விநியோகத்துக்கு முதலாவதுதான் கணக்கு. இரண்டாவது வெறும் அலங்காரம். பிசிசி என்று நாம் ஆட்களை மறைத்து வைப்பது இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால்தான் முடிகிறது. நிரல் எழுதுகிறவருக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ரகசியமான டிக்கெட்டைத் திறந்து பார்க்க ஒருவருக்கு அனுமதி இல்லாதிருக்கலாம். ஆனால் விதி அவர் முகவரியைச் சேர்த்துவிட்டால் முழு விவரமும் அவர் பெட்டியில் போய் விழும். அஞ்சல் கணினி அனுமதி எதையும் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அலுவலகத்துக்குள் நடப்பது. தவறினால் ஒரு வேலை தாமதமாகும், யாரோ எரிச்சல்படுவார்கள். இதே கேள்வி கடலுக்குப் போனபோது என்ன ஆயிற்று?

2017 நவம்பர் 29 காலை இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. மறுநாள் காலை குமரிக் கடலில் அது புயலாகிவிட்டது. ஒக்கி என்று பெயர் வைத்தார்கள். இடையில் ஏறத்தாழ ஒரே நாள். கரையில் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கடலில் நடந்தது அதைவிடப் பெரியது: தமிழகத்திலும் கேரளத்திலும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லையை ஒட்டிய சிற்றூர்களில் வீடு வீடாகத் துக்கம்.

முன்னெச்சரிக்கை இல்லாமல் இல்லை. 29-ஆம் தேதி அறிக்கைகள் மீனவர்களுக்கு அறிவுரை சொல்லத்தான் செய்தன: கடலுக்குப் போக வேண்டாம். அந்த வாசகத்தை ஒரு பெறுநர் விதியாகப் படித்துப் பாருங்கள். “கரையில் இருப்பவன் ஆனால், போகாதே.” தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் தூண்டில்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். அவர்கள் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அவர்களுக்குத் தேவையான வாசகம் “திரும்பு” அல்லது “இன்ன திசையில் ஒதுங்கு”. அந்த வாசகம் இருந்திருந்தாலும் போய்ச் சேர வழி இல்லை. கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சு கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர். விஎச்எஃப் வயர்லெஸ் கடலின் வளைவுக்குக் கட்டுப்பட்டது, சில பத்துக் கிலோமீட்டர்தான். படகுகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி.

இதில் முகவரிச் சிக்கல் ஒன்றும் உண்டு. உரிமையாளர் வீடு வள்ளவிளையில். படகு அடைவது பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில். அந்த வாரம் அது மிதந்துகொண்டிருந்தது லட்சத்தீவுக்குப் பக்கத்தில். ஆக ஒரே படகுக்கு மூன்று இடங்கள், இரண்டு மாநிலங்களும் ஒரு யூனியன் பிரதேசமும். எந்த மாவட்டத்தின் பட்டியலில் அது இருக்க வேண்டும்? தப்பியவர்கள் பலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கினார்கள். பதிவேட்டின் முகவரி ஆளின் இருப்பிடம் ஆகாது என்பதை இவ்வளவு கொடூரமாக வேறெதுவும் காட்டியதில்லை.

பேரிடர் அறிவிப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான பொது எச்சரிக்கை நெறிமுறை, சுருக்கமாக ‘கேப்’, இந்தச் சிக்கலை நேரடியாகக் கையாள்கிறது. அதன் 1.2 பதிப்பு 2010-இல் வந்தது. ஒவ்வொரு எச்சரிக்கையும் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்: எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு நிச்சயம். மூன்றையும் கலந்து ஒரே “சிவப்பு” ஆக்கிவிடக் கூடாது. கடுமையான புயல், ஆனால் வருவது சந்தேகம் என்றால் ஒரு கூட்டத்துக்குச் சொல்லலாம். அதே புயல் கண்ணெதிரே நின்றால் எல்லோருக்கும். நான்காவதாக எல்லை: வரைபடத்தில் புள்ளிகளை இணைத்து வரைந்த ஒரு பலகோணம். நான் மிக ரசிப்பது முகவரிக் கட்டத்தை. எச்சரிக்கை தனிப்பட்டது என்று குறித்தால்தான் அந்தக் கட்டம் கட்டாயம். பொது எச்சரிக்கைக்குப் பெறுநர் பெயரே வேண்டாம். அந்த நேரத்தில் பலகோணத்துக்குள் நிற்பவர் யாரோ அவரே பெறுநர்.

இந்தியாவில் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காக சி-டாட் உருவாக்கிய ‘சசேத்’ இந்த நெறிமுறையில்தான் இயங்குகிறது. 2023-இல் நம் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறி, சோதனைச் செய்தி காட்டியது நினைவிருக்கலாம். அது குறுஞ்செய்தி அல்ல, செல் ஒலிபரப்பு. கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் வீசும். யார் எண் எது என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

எண்கள் தெரியாமல் இருப்பது நல்லதா? 2024 மே 6 அன்று நாகர்கோவிலை அடுத்த கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், திருச்சியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். தெற்கே தொலைதூரப் பெருங்கடல் புயல்களில் பிறந்து, நாட்கணக்கில் பயணம் செய்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோது கரையில் எழும்பும் கள்ளக்கடல் அலை பற்றி ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் ஏற்கெனவே எச்சரித்திருந்த நாட்கள் அவை. அந்தச் சாவுகளுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல நான் வரவில்லை. விதி எழுதுகிறவரின் இடத்திலிருந்து மட்டும் பார்க்கிறேன். மீனவர் பட்டியல், மாவட்டப் பட்டியல், துறைமுகப் பட்டியல் எதை எடுத்தாலும் கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர் அதில் இருக்க மாட்டார். கோபுரத்தின் வீச்சில் இருப்பார்.

அப்படியானால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமே? 1994 ஜூலை 24 அன்று பிரிட்டனின் மில்ஃபர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடத்துக்குள் ஆலையை இயக்கிய இருவர்மேல் 275 அபாய மணிகள் வந்து விழுந்தன என்று விசாரணை சொன்னது. எது முக்கியம் என்று பிரிக்க முடியாதபோது மணி இருந்தும் இல்லாததற்குச் சமம். டிக்கெட் மென்பொருளில் இது தினசரிக் காட்சி. ஒருவருக்கு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் வந்தால், அவர் செய்யும் முதல் வேலை அவற்றை எல்லாம் ஒரு மூலைக் கோப்புறைக்குத் தானாகத் தள்ளும் விதி எழுதுவது. அனுப்புகிறவர் ஒரு நிரல், தள்ளுகிறவர் ஒரு நிரல். நடுவில் மனிதர் யாரும் படிக்கவில்லை.

ஆனாலும் இரு பிழைகளும் ஒரே எடை இல்லை. வேண்டாத கடிதம் ஒன்று வந்தால் ஒரு நொடி நஷ்டம். வேண்டிய எச்சரிக்கை வராவிட்டால் நஷ்டம் வேறு. ஆகவே என் கட்சி இது: அன்றாட அறிவிப்புகளில் விதியைக் கஞ்சத்தனமாக எழுத வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதில் தாராளமாக எழுத வேண்டும். முதலாவதில் கஞ்சமாக இருந்தால்தான் இரண்டாவதில் தாராளம் பலிக்கும்.

இந்த நுணுக்கம் கணினிக்கு முந்தியது. துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு நம் ஊர்களில் எல்லோரும் கேள்விப்பட்டது. செய்தி வாசிப்பவர் “மூன்றாம் எண்” என்பார், நாமும் தலையாட்டுவோம். உண்மையில் அந்த எண் புயலின் பலத்தை மட்டும் சொல்வதில்லை. ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் வானிலைக்கு. மூன்றும் நான்கும் துறைமுகத்தையே தொடக்கூடியதற்கு. ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் ஒரே அளவு அபாயம்தான்: புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்குமா, வலப்பக்கமா, நேராக மேலேயா என்பதே வேறுபாடு. எட்டு, ஒன்பது, பத்து அதே வரிசையில் கடும் புயலுக்கு. ஆகவே ஒரே புயலுக்கு ஒரே நேரத்தில் தூத்துக்குடியில் ஓர் எண்ணும் குளச்சலில் வேறோர் எண்ணும் ஏறலாம். பெறுநரைப் பொறுத்துச் செய்தி மாறுகிறது.

பதினொன்றாம் எண் இன்னும் கூர்மையானது. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, உள்ளூர் அதிகாரியின் கணிப்பில் வானிலை மோசம். அப்போது ஏற்றுவது அது. செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக அறிவிக்கிறார்கள். இன்றைய கணினிக் கண்காணிப்பில் இதற்கு இதயத்துடிப்பு என்று பெயர்: ஒவ்வொரு சேவையும் நிமிடத்துக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மணி அடிக்கும். நிபந்தனைக் கடிதங்களுக்கு இது கட்டாயம் வேண்டும். நிரலில் ஒரு எழுத்துப்பிழை புகுந்து யாருக்குமே கடிதம் போகாமல் நின்றால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது “இன்று பிரச்சினை எதுவும் இல்லை” என்பதைப் போலவே தெரியும்.

ஒக்கிக்குப் பிறகு கடலுக்கு வழி கண்டார்கள். இன்காய்ஸ் 2019 அக்டோபரில் வெளியிட்ட ஜெமினி என்ற சிறு பெட்டி, ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் படகிலிருக்கும் கைப்பேசிக்குத் தரும். கோபுரம் தேவையில்லை. ஆனால் அது ஒருவழிப் பாதை: அனுப்பியவருக்கு, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. எதிர்த்திசையில், ஆபத்தில் இருக்கும் படகு கரைக்குச் சொல்ல, இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி 2010 முதலே புழக்கத்தில் உண்டு. அதில் படகுக்காரருக்குத் தன் குரல் கேட்டதா என்று தெரியாது. 2024 ஜனவரியில் அறிமுகமான அதன் இரண்டாம் தலைமுறை, கேட்டுக்கொண்டோம் என்ற பதிலைப் படகுக்கே திருப்பி அனுப்புகிறது. அதே ஆண்டு ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தையும் மத்திய அரசு தொடங்கியது. டிரான்ஸ்பாண்டர் இருவழி.

இருவழி வந்ததும் பெறுநர் விதியின் வடிவமே மாறிவிடுகிறது. இதுவரை விதி ஒரே முறை ஓடும்: நிபந்தனை பார், ஆட்களைச் சேர், அனுப்பு, முடிந்தது. இனி அது அனுப்பிய பிறகும் விழித்திருக்கும். டிக்கெட் உலகில் இதைப் பல காலமாகச் செய்கிறார்கள். பொறுப்பாளர் அரைமணிக்குள் “பார்த்தேன்” என்று அழுத்தாவிட்டால் அவருக்கு மேலே இருப்பவருக்குப் போகும், அவரும் அழுத்தாவிட்டால் அடுத்தவருக்கு. அலுவலகத்தில் அந்த ஏணி பதவியை ஒட்டி மேலே ஏறும். கடலில் அப்படி ஏறிப் பயனில்லை. பதில் சொல்லாத படகுக்கு மேலதிகாரி கரையில் இருந்து என்ன செய்வார்? அங்கே ஏணியைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். பதில் வராத படகின் கடைசி இருப்பிடத்தை எடுத்து, அதைச் சுற்றி விஎச்எஃப் எட்டும் தூரத்துக்குள் பதில் சொன்ன படகு எது என்று தேடி, அதற்கு ஒரு தனிச் செய்தி: உங்களுக்குத் தெற்கே இருக்கும் படகைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே தொழில் செய்கிறவர்கள். அந்தப் பழக்கத்தை விதிக்குள் கொண்டுவர நான்கைந்து வரி போதும்.